முப்பது கையெழுத்து

"வாடிக்கையாளர் பட்டியல்ல ஒரே ஒரு பேருதான் இருக்கு. அதுவும் உங்க சம்சாரம்" என்றார் பேங்க் மேனேஜர். "முப்பது பேரு கையெழுத்துப் போடணும். இல்லன்னா ஊர்ல பெரிய மனுஷர் ஒருத்தர் ஜாமீன் போடணும். வெள்ளிக்கிழமை கடைசி நாள்."

சம்பந்தம் தன் திட்டத் தாள்களை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். இருபத்தைந்து வருஷம் பட்டுத் தறிக்குழியில் உட்கார்ந்ததில் அவர் முழங்கால் போய்விட்டது. இனி நெய்ய முடியாது. படவேட்டு வைத்தியர் ஒருவரிடம் எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடக் கற்றிருந்தார். அதை வைத்து ஆரணியில் ஒரு மூலிகை வெந்நீர்க் குளியல் நிலையம் தொடங்கவேண்டும். கடன் கிடைக்காவிட்டால் மெட்ராஸில் மச்சான் பார்த்துவைத்திருக்கும் வாட்ச்மேன் வேலைதான்.

முதலில் கந்தசாமியிடம் போனார். தறியிலிருந்து எழுந்திருக்க மூன்று தரம் முருகனைக் கூப்பிடுகிற ஆள்.

"தொறந்தா மொத ஆளா நான் வர்றேண்ணே."

"அப்ப இங்க ஒரு கையெழுத்து போடு."

கந்தசாமி தாளைப் படித்தார். 'கீழ்க்கண்ட நெசவாளர்கள் இடுப்புவலியால் அவதிப்படுகிறார்கள்.'

"ஐயோ, என் இடுப்பு கல்லு மாதிரி கீதுண்ணே! இது முதலாளி கண்ணுல பட்டா அடுத்த பாவு நூலு வேற தறிக்குப் போயிடும். நூல் இல்லாம காத்தையா நெய்யறது?"

தெரு முழுக்க இதே கதை. காதோடு காதாக வலியைச் சொன்னவர்களெல்லாம் தாளைக் கண்டதும் மறுத்துவிட்டார்கள். ஆரணியில் ஓர் இடுப்பும் வலிக்கவில்லை.

சம்பந்தம் அந்த வரியை அடித்துவிட்டு, 'வீட்டில் வெந்நீர் வசதி இல்லாதவர்கள்' என்று எழுதினார். மறுநாள் காலை கந்தசாமியின் மனைவி பொன்னம்மாள் நான்கு பெண்களோடு வாசலில் நின்றாள்.

"ஏங்க, எங்க வூட்டு ஆம்பளைங்களுக்கு நாங்க வெந்நி வச்சிக் குடுக்கறதில்லன்னு பேங்குக்கு எழுதறீங்களாமே?"

"இல்லம்மா, அது வந்து..."

"சனிக்கிழமை ஆனா அண்டா அண்டாவா காய்ச்சிக்கினு கீறோம். வந்து பாருங்க!"

அவர்களைச் சமாதானப்படுத்த, 'வெள்ளிக்கிழமை பெண்களுக்கு மட்டும்' என்று ஒரு வரி சேர்த்தார். பொன்னம்மாள் சிரித்துக்கொண்டே போனாள். சாயங்காலம் ஆண்கள் வந்தார்கள்.

"பொம்பளைங்க குளிக்கிற எடத்துக்கு நாங்க எப்டிண்ணே வர்றது?"

மனைவி லீலா பார்த்தாள். "எதுக்குங்க இந்தப் பேஜாரு? நேரா பட்டு முதலாளியையே ஜாமீன் கேளுங்க."

வியாழக்கிழமை, முதலாளி அருணாச்சலம் கடையில் திண்டில் சாய்ந்தபடி திட்டத்தை நிதானமாகப் படித்தார். பக்கத்தில் கணக்குப்பிள்ளை ஜெகநாதன்.

"கையெழுத்துப் போடறேன். ஆனா ஒண்ணு. எங்கிட்ட நெய்யறவங்கள்ல யார் யாருக்கு இடுப்பு வலி? பேரைச் சொல்லு."

முதலாளியின் கையில் பேனா திறந்தே இருந்தது. சம்பந்தத்தின் நாக்கு நுனியில் பதினேழு பெயர்கள் இருந்தன. பதினேழு வீட்டு அடுப்புகளும் கண்ணுக்குத் தெரிந்தன.

"சொல்ல மாட்டேங்க. என்னை நம்பிச் சொன்னது."

"ஒரு பேரு கூடவா?"

"என் பேரை எழுதிக்குங்க. என் முட்டி போனது ஊருக்கே தெரியும்."

"அப்ப நீ போலாம்."

சம்பந்தம் கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினார். தாள்களை எடுத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை. மெட்ராஸ் பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிக்கவேண்டும். ஆனாலும் மனசு என்னவோ லேசாகவே இருந்தது. சுவாமிக்கு முன்னால் பொய் சொல்லாமல் நிற்கிறபோது இருக்குமே, அப்படி.

தெருமுனையில் ஜெகநாதன் மூச்சிரைக்க வந்து பிடித்தார். கையில் அதே தாள்கள். கடைசிப் பக்கத்தில் முதலாளியின் கையெழுத்து, மை கூடக் காயவில்லை.

"ஜல்தியா தொறக்கணுமாம். பேரை வெளிய விடாத ஆளைத்தான் தேடிக்கினு இருந்தாராம்."

"எதுக்குங்க?"

ஜெகநாதன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"முதலாளியால ரெண்டு வருஷமா குனிய முடியல. பெங்களூர் நூல்காரனுக்குத் தெரிஞ்சா நூல் அனுப்பமாட்டான்னு யாராண்டயும் சொல்லாம கீறாரு!"