கொட்டை கிடக்காத மரத்தடி

உலகத்தில் எத்தனையோ காவல்காரர்கள் உண்டு. திருடனுக்கு முன்கூட்டியே தகவல் சொன்ன காவல்காரர் தகரம் அண்ணாச்சி ஒருவர்தான்.

எண்பதுகளின் கடைசியில், ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்து மாந்தோப்பில் அவரும் நானும் காவல். மலையணில்கள் பழம் தின்ன இறங்கினால் தகரத்தை அடித்து விரட்ட வேண்டும். ஒவ்வொன்றும் பூனை அளவு இருக்கும். வால் மட்டும் ஒரு முழத்துக்கு மேல். முதலாளியின் புல்லட் வண்டிச் சத்தம் தூரத்தில் கேட்டதும் அண்ணாச்சி அண்ணாந்து பார்த்துச் சொல்வார்: "ஏலே, மொதலாளி வாராக. மலைக்குப் போயிட்டு செத்த நேரம் பொறவு வாங்க."

அதன்பிறகுதான் தகரத்தில் கை வைப்பார். அணில்களும் போய்விடும். முதலாளி வந்து பார்த்து, "நல்ல காவல்யா" என்று மெச்சிவிட்டுப் போவார்.

"சம்பளம் வாங்கிட்டு இப்பிடிச் செய்யலாமா அண்ணாச்சி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தோப்பு வைக்கதுக்கு முந்தி இது அதுக வீடுப்பா. வீட்டுக்காரனையே வெரட்டுதோம். சொல்லிட்டாவது வெரட்டணும்லா?"

நியாயம் கேட்ட நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? தினமும் சாயங்காலம் நாலைந்து சப்பட்டை ரக மாம்பழங்களை மஞ்சப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனேன். முதலாளி கேட்டால், "அணில் தின்னுருச்சு மொதலாளி" என்பேன். அணில் வந்து மறுத்துப் பேசவா போகிறது?

ஒரு மரமே மொட்டையானதும், முதலாளி ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து துப்பாக்கிக்காரன் ஒருவனைக் கூட்டிவந்துவிட்டார். "ஒண்ணு விடாமச் சுட்டுத் தள்ளு" என்றார்.

அண்ணாச்சி குறுக்கே போய் நின்றார். "அணில் தின்னா கொட்டை கீழ கெடக்கும் மொதலாளி. இந்த மரத்தடியில ஒரு கொட்டை காட்டுங்க பாப்போம். தின்னது ரெண்டு கால் அணிலு."

"யாருய்யா அது?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். 'நான்' என்று ஒரே ஒரு சொல். அஞ்சாம் வகுப்பு வரை படித்தவனுக்கு அது வாயில் வரவில்லை.

அவரே சொன்னார்: "நாந்தான் மொதலாளி."

பழியை அணில் மேல் ஏற்றியவன் நான். இறக்கி வாங்கிக்கொண்டவர் அவர். துப்பாக்கி வந்த வழியே திரும்பியது. அண்ணாச்சிக்கு வேலை போனது.

என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "கடைசி மரத்துக் கூட்டுல குட்டி கெடக்கு. பாத்துக்கோ" என்று மட்டும் சொன்னார்.

வேலியைத் தாண்டியதும் திரும்பிக் கையசைத்தார். எனக்கா, எனக்கு மேலே கிளையிலிருந்த அணிலுக்கா, தெரியவில்லை. எனக்குத்தான் என்று இன்றுவரை வைத்துக்கொண்டிருக்கிறேன்.