வச்சநாவியை ஏகமனதாகச் சுத்தி செய்த வரலாறு

வச்சநாவிக் கிழங்கின் நஞ்சை நீக்கும் வித்தையில் உலகத்துக்கே வழிகாட்டியது கல்முனைக் கரையோரம்தான் என்பதை மருத்துவ உலகம் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. பொறாமைதான் காரணம். இமயமலைச் சரிவில் விளைந்து, கப்பலேறிக் கொழும்புக்கு வரும் இந்தக் கிழங்கு பச்சையாக விரல்நுனியளவு உள்ளே போனால் போதும். நாக்கு மரத்து, நெஞ்சு தடுமாறி, ஆள் முடிந்துவிடுவார். மூன்று நாள் பசுவின் மூத்திரமான கோசலத்தில் ஊறப்போடச் சொல்கிறது ஓர் ஏடு. பாலில் அவிக்கச் சொல்கிறது இன்னொன்று. இரண்டும் நேரத்தைத் தின்னும் வேலை. 2005 பெப்ரவரியில், சுனாமி வந்து இரண்டாம் மாதம், 'கரையோர மீளெழுச்சி நிலையம்' இதே காரியத்தைப் பன்னிரண்டு நிமிடத்தில் முடித்தது. மீன் பணிஸ் சாப்பிட்ட நேரமும் அதில் அடக்கம்.

இந்தப் பெருமையில் மருதமுனை நாட்டு வைத்தியர் மீராசாஹிபு பரிசாரியாருக்கும் பங்கு உண்டு. அவர் கேட்டு வாங்கிய பங்கு அல்ல. கடல் வந்த ஞாயிறு காலை அவரும் மனைவி சுபைறாவும் சம்மாந்துறையில் ஒரு வாதக்காரரைப் பார்க்கப் போயிருந்ததால் பிழைத்தார்கள். வீடு போயிற்று. வீட்டைவிட அவர் பெரிதாக நினைத்த மருந்துப் பெட்டகமும் போயிற்று. பாடசாலை மைதானத்துக் கூடாரத்தில் அவர் குந்தியிருந்தபோதுதான் நிலையத்தின் இணைப்பாளர் ஜுனைட், வாயில் வெற்றிலையும் கையில் இழப்புப் படிவமுமாக வந்தார்.

"என்னென்ன போன பரிசாரியார்? செல்லுங்க, எழுதுவம்."

"எண்ணெய், சூரணம் எல்லாம் நான் திரும்பச் செய்துக்குவன் தம்பி. வச்சநாவி ஒரு அரைக் கிலோ மட்டும் எடுத்துத் தாங்க. அது இஞ்ச முளைக்கிற சாமான் இல்ல."

படிவத்தில் இரண்டே கட்டங்கள் இருந்தன: 'உணவு', 'உணவல்லாதவை'.

"இது உள்ளுக்குக் குடுக்கிறதா, வெளியால பூசுறதா?"

"ரெண்டுக்கும்தான். உள்ளுக்கு எண்டா சுத்தி செய்து, கடுகளவு."

"உள்ளுக்குப் போறதெல்லாம் உணவுதான்."

"தம்பி, இது நஞ்சு!"

"நஞ்சுக்குக் கட்டம் இல்லயே," என்றார் ஜுனைட், உண்மையான வருத்தத்தோடு. "அதோட, இருபத்தஞ்சு கிலோவுக்குக் குறைச்சு எழுதினா லொறி வராது."

இப்படியாக ஒரு மூட்டை வச்சநாவி உணவாகப் பதவியுயர்வு பெற்றுக் கொழும்பிலிருந்து புறப்பட்டது. வழியில் சோதனைச்சாவடியில் ஒரு சிப்பாய் மூட்டையைக் கம்பியால் குத்திப் பார்த்தார். குண்டு இல்லை, ஆகவே ஆபத்து இல்லை என்று வழிவிட்டார்.

முகாமில் ஓர் உன்னதமான விதி இருந்தது. முதல் கிழமை டின்மீனுக்கு நடந்த அடிபிடியில் இருவருக்கு மண்டை உடைந்ததிலிருந்து, எந்த உணவும் தனியொரு குடும்பத்துக்குப் போகக்கூடாது. வந்தது எதுவானாலும் நிவாரண அட்டை, அதாவது காட், வைத்திருக்கும் முந்நூற்றுப் பன்னிரண்டு குடும்பத்துக்கும் சம பங்கு. மூட்டை பிரிக்கப்பட்டது. குடும்பத்துக்கு எண்பது கிராம் வீதம், நிலையத்தின் சின்னம் பதித்த பைகளில் வச்சநாவி வழங்கப்பட்டது. தராசில் ஒரு கிராம் பிசகவில்லை. இவ்வளவு நீதியான கொலை முயற்சி இந்தக் கரையில் அதற்கு முன் நடந்ததில்லை.

வரிசையில் நின்று தன் பங்கை வாங்கிய பிறகுதான் பரிசாரியாருக்கு விசயம் விளங்கிற்று. அவர் போட்ட கூச்சலில் அவசரக் கூட்டம் கூடியது. நிலையத்தின் தலைவர் புண்ணியமூர்த்தி, ஓய்வுபெற்ற நில அளவையாளர், தலைமை தாங்கினார்.

"நஞ்ச எடுக்க வழி இருக்கா பரிசாரியார்?"

"இருக்கு ஐயா. எல்லாப் பையையும் திருப்பி எடுக்க வேணும். பிறகு துணியில முடிஞ்சு பால்ல அவிக்க வேணும். ரெண்டு மூணு நாள் பிடிக்கும்."

"திருப்பி எடுத்தா பிழை எங்கடையெண்டு ஆகிரும். நாளைக்குப் படம் எடுக்க வெளிநாட்டாக்கள் வேற வாறாங்க." தலைவர் பணிஸைக் கடித்தபடி யோசித்தார். "சரி, சுத்தி செய்தாச்சு எண்டு எழுதினா என்ன?"

சபை சிலிர்த்தது. ஜுனைட் முன்மொழிந்தார், பொருளாளர் வழிமொழிந்தார். 'மேற்படி கிழங்கு சுத்தி செய்யப்பட்டதாகக் கருதப்படும்' என்ற தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. பால் வேண்டாம், அடுப்பு வேண்டாம். எஞ்சிய மூன்று பணிஸும் தீருமுன் நஞ்சு நீங்கிவிட்டது.

"நான் ஓம் எண்டு செல்லல்லயே!" என்றார் பரிசாரியார்.

"கூட்டத்துக்கு வந்தீங்களா, இல்லையா?"

"வந்தன்."

"அப்ப வந்ததுக்கு ஒரு ஒப்பம் வைங்க."

நேர்மையான மனிதர், வந்தது உண்மை என்பதால் வைத்தார். அடுத்த நாள் அந்த வரவுத்தாளின் தலையில் ஒரு வரி ஏறியிருந்தது: 'சுத்தி வைத்தியர் முன்னிலையில் நடைபெற்றது.'

பரிசாரியார் கூடாரம் கூடாரமாக ஓடினார். நிவாரணமாக வந்ததைத் திருப்பிக் கொடுக்க எவருக்கு மனம் வரும்? "உங்கட பொட்டகம் போனதுக்கு எங்கட பங்கையா கேக்கிறீங்க?" என்றார்கள். ஆகவே பண்டமாற்று தொடங்கியது. ஒரு பைக்கு ஒரு டின்மீன், இன்னொரு பைக்கு ஒரு சுண்டு பருப்பு. பிறகு பாய், குடை, சுபைறாவின் புதுச் சட்டி. பொழுது சாயுமுன் கூடாரம் காலியாகிவிட்டது. கைக்கு வந்தது அறுபது பை.

பக்கத்துக் கூடாரத்து றுகையா பையைப் பிரித்தே விட்டிருந்தாள். மகளுக்கு மூன்று நாளாக இருமல்; சுத்தி செய்த கிழங்கு மருந்துதானே என்று நினைத்தாள். கிழங்கைத் தட்டிப் போட்டுக் கசாயம் இறக்கி, ஆறவைத்து, பிள்ளையின் வாயருகே கொண்டுபோகிற நேரம் பரிசாரியார் உள்ளே பாய்ந்து கோப்பையையும் சட்டியையும் தட்டிவிட்டார். பெண்பிள்ளை இருக்கும் இடத்துக்குள் கேட்காமல் நுழைந்தது அவர் ஆயுளில் அதுதான் முதல் தடவை.

"என்ன காக்கா, உங்களுக்கு விசரா? சாமான் வேணுமெண்டா கேளுங்க, இப்பிடியா ஊத்துற?"

அண்ணன் முறைக்கு அவரைக் காக்கா என்று கூப்பிடுகிறவள், அன்று அடிக்காத குறை. கடலுக்கே தப்பி வந்த றுகையாவின் ஆடு, மண்ணில் கிடந்த கிழங்கை மென்று, சட்டியையும் நக்கியது. அரை மணித்தியாலத்தில் வாயில் நுரை தள்ளி, கால் உதைத்து, மவுத்தானது. றுகையா ஆட்டைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள், அப்படியே மண்ணில் குந்தி அழுதாள்.

அதன் பிறகு பைகள் தானாகவே பரிசாரியாரின் கூடாரத்தில் வந்து விழுந்தன. றுகையாவின் பை நீங்கலாக முந்நூற்றுப் பதினொன்று.

நிலையம் உடனே நடவடிக்கை எடுத்தது. முந்நூற்றுப் பதினொரு பை உணவு ஒரே கூடாரத்தில் இருந்தால் அதற்குப் பெயர் பதுக்கல். பைகள் பறிமுதலாயின; மீராசாஹிபு பரிசாரியாரின் பெயர் நிவாரணப் பட்டியலிலிருந்து வெட்டப்பட்டது. றுகையா அலுவலகத்துக்குப் போய்ச் சத்தம் போட்டாள்.

"என்ட ஆடு மவுத்தாப் போச்சு! அந்தக் கிழங்கத் திண்டுதான் போன!"

"ஆட்டுக்குக் காட் இருக்கா?" என்று பண்போடு கேட்டார் ஜுனைட். இல்லை. பதிவில்லாத ஒரு சீவனின் இறப்பைப் பதிய முடியாது. அறிக்கை இப்படி முடிந்தது: 'முந்நூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களிலும் உயிரிழப்பு இல்லை. சுத்தி வெற்றி.'

அந்த வெற்றியில் மகிழ்ந்து வெளிநாட்டார் இன்னும் இரண்டு மூட்டைக்கு ஒப்புதல் தந்தார்கள். வைத்தியரின் ஒப்பம் ஒன்றுதான் குறை. ஒரு செவ்வாய்க்கிழமை பகல், ஜுனைட் படிவத்தையும் மாதிரிப் பை ஒன்றையும் எடுத்துக்கொண்டு, வெற்றிலையை மென்றபடி பரிசாரியாரைத் தேடி வந்தார். பட்டியலில் பெயர் போய் மூன்று கிழமை. சுபைறா அக்கம்பக்கம் தரும் கஞ்சியில் காலம் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"ஒப்பத்த வைங்க பரிசாரியார். நாளைக்கே உங்கட பேர ஏத்தித் தாறன்."

பரிசாரியார் சுபைறாவைப் பார்த்தார். சுபைறா மாதிரிப் பையைக் கையில் எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். சற்று நேரத்தில் ஆவி பறக்கும் கோப்பையோடு வந்தாள்.

"வீடு தேடி வந்த மனிசன் வாய நனைக்காமப் போகலாமா? குடிங்க தம்பி. சுத்தி செய்த சாமான்தானே. இவரு ஒப்பம் வைக்கட்டும்."

ஜுனைட் கோப்பையைப் பார்த்தார். "நிவாரணச் சாமான உத்தியோகத்தர் தொடக்கூடா. சட்டம்."

"இது நிவாரணமில்ல, எங்கட வீட்டுத் தேத்தண்ணி."

"நான்... நான் இண்டைக்கு நோன்பு."

விருப்ப நோன்புக்குத் திங்களும் வியாழனும் இருக்க, செவ்வாய்க்கிழமையில், வெற்றிலைச் சாறு உதட்டோரம் வழிய, இப்படியொரு பக்தியை அந்த முகாம் கண்டதில்லை. அவர் எழுந்த வேகத்தில் இரவல் கதிரை விழுந்தது. படிவத்தை எடுக்கவும் மறந்து மோட்டார் சைக்கிளை உதைத்தார்.

சுபைறா பிரிக்காத பையைக் கொண்டுவந்து பரிசாரியாரின் முன்னால் வைத்தாள். கோப்பையைத் தானே எடுத்து ஊதி ஊதிக் குடித்தாள்.

"இஞ்சி கொஞ்சம் கூடிப்போச்சு," என்றாள்.

நிலையத்தின் அறியாமையை யாரும் குறை சொல்ல வேண்டாம். றுகையாவுக்குத் தெரிந்திருக்கவில்லை, வரிசையில் நின்ற மற்றக் குடும்பங்களுக்கும் தெரிந்திருக்கவில்லை, பாவம் அந்த ஆட்டுக்கும் தெரிந்திருக்கவில்லை. ஜுனைட்டுக்கு மட்டும் முதல் நாளிலிருந்தே தெரிந்திருந்தது.