செவப்புச் சட்டைக்காரன்

ஓரிடத்தில் பத்து நிமிடம் சும்மா உட்காரச் சொன்னால் எனக்கு உள்ளங்கால் அரிக்கும். பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுக்காமல் அடுத்த நிறுத்தத்துக்கு நடக்கத் தொடங்கி, நடுவழியில் அதே பஸ்ஸுக்குக் கைகாட்டி, அது நிற்காமல் போவதைப் பார்க்கிற ரகம். இந்த அரிப்புதான் என்னை ஒருநாள் திருடனாக்கியது.

திருப்பத்தூரில் ஒரு சின்ன அலுவலகத்தில் எனக்கு வேலை. பள்ளி, கல்லூரிகளில் உளவியல் நடத்தும் ஆசிரியர்களுக்குப் படங்கள், விளையாட்டுகள், சோதனைக் குறிப்புகள் எல்லாம் தயாரித்துக் கொடுப்போம். நான் எழுதிய முதல் குறிப்பின் பெயர் ‘கண்ணால் கண்ட சாட்சி’. முன்பின் தெரியாத ஒருவர் வகுப்புக்குள் நுழைந்து ஆசிரியரின் கைப்பையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ‘மாணவர்கள் திகைத்து அமர்ந்திருப்பார்கள். உடனே, பார்த்ததை எழுதச் சொல்லவும்.’ (அமர்ந்திருப்பார்கள் என்று எனக்கு யார் சொன்னது? நானே எழுதிக்கொண்டதுதான்.)

ஜவ்வாது மலையில் ஒரு மேல்நிலைப் பள்ளி. அங்கே உளவியல் நடத்தும் விமலா டீச்சருக்கு இந்தச் சோதனை வாழ்வா சாவா. ஏனென்றால் ஹெட்மாஸ்டர், “இந்த வருஷத்தோட சைக்காலஜிய எடுத்துடலாம்மா. ஒருத்தன் மூஞ்சியப் பாத்தா தெரியாதா இன்னா? இதுக்கு ஒரு பாடமா?” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவரை மடக்கத்தான் டீச்சர் என்னை வரவழைத்தார். திருடன் வேஷம் எனக்கு.

“ஹெட்மாஸ்டர் வந்து பின்னால உக்காரணும் சார். நான் கர்ச்சீப்பால மூஞ்சி தொடச்சாதான் நீங்க உள்ள வரணும். அதுவரைக்கும் அசையாதீங்க.”

அசையாமல் இருக்க என்னால் ஆகுமா? ஜன்னலில் மூன்று முறை எட்டிப் பார்த்தேன். நான்காம் முறை மேசைமேல் பை மட்டும் தெரிந்தது. டீச்சர் முகம் துடைத்திருப்பார், நான்தான் கவனிக்கவில்லை என்று நானே முடிவுகட்டி உள்ளே பாய்ந்தேன். பையைத் தூக்கிய பிறகுதான் தெரிந்தது, டீச்சர் வகுப்பிலேயே இல்லை. ஹெட்மாஸ்டரை அழைத்துவரப் போயிருந்தார்.

“டேய், டீச்சர் பையத் தூக்கினு ஓட்றான்டா! புடிங்கடா!”

ஒருவராவது திகைத்து அமர வேண்டுமே! தினமும் மேடும் பள்ளமும் ஏறி இறங்கிப் பள்ளிக்கு வரும் பிள்ளைகள். நானோ ஆபீஸ் மாடிப்படிக்கே மூச்சு வாங்குகிறவன். சமையல் கொட்டகைக்குப் பின்னால் திரும்பி, பையைப் புதரில் வீசிவிட்டுக் குனிந்து நின்றேன். கும்பல் வந்துவிட்டது. தீர்ந்தோம் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

“அண்ணா, இந்தப் பக்கம் ஒருத்தன் ஓடினானா? செவப்புச் சட்ட, தாடி!”

நான் போட்டிருந்தது நீலச் சட்டை. அன்று காலையில்தான் மழமழவென்று சவரம் செய்திருந்தேன். யாரோ ஒருவன் முதலில் கத்திய அடையாளம் எல்லார் கண்ணிலும் ஒட்டிக்கொண்டுவிட்டது. ‘நான்தான்பா அது’ என்று உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர்கள் கையில் விறகுக்கட்டை இருந்தது.

“அதோ, அந்தப் பக்கம்!” என்றேன். சொன்னதோடு நிற்காமல் (எங்கே நிற்பது!) அவர்களோடு சேர்ந்து நானும் என்னைத் தேடி ஓடினேன்.

திரும்பி வந்தால் ஹெட்மாஸ்டர் வாசலில் குதித்துக்கொண்டிருந்தார். “என் ரூம் ஜன்னல் வழியா நானே பாத்தேன்மா! செவப்புச் சட்ட! போலீஸுக்குச் சொல்லிடலாம்!” சிக்னலுக்காகப் போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தார். கூட்டத்தில் என்னைப் பார்த்ததும் டீச்சரின் முகம் வெளுத்துவிட்டது.

“இன்னா சார் பண்ணி வெச்சிருக்கீங்க? என் பாடமே போச்சு!” என்று பல்லைக் கடித்தார். பிறகு என்ன தோன்றியதோ, ஹெட்மாஸ்டர் பக்கம் திரும்பினார். “சார், போலீஸ் வந்தா அடையாளம் கேப்பாங்க. எல்லாரும் பாத்தத எழுதிடலாம். நீங்களும் எழுதுங்க.”

சீட்டுகளில் என் சட்டையின் நிறம் சிவப்பு, சிவப்பு, கறுப்பு. ஒருத்தி, வந்தது இரண்டு பேர் என்றாள். ஒருவன் என் கையில் கத்தியே கொடுத்திருந்தான். ஹெட்மாஸ்டர் தாடியோடு நெற்றியில் ஒரு வெட்டுத் தழும்பையும் சேர்த்திருந்தார். எல்லாவற்றையும் உரக்கப் படித்துவிட்டு, டீச்சர் என்னைப் பிடித்து முன்னால் நிறுத்தினார்.

“திருடன் இவருதான் சார்.”

புதரிலிருந்து பையை எடுத்துவந்து நீட்டினேன். ஹெட்மாஸ்டர் என் சட்டையையும் தாடையையும் தான் எழுதிய சீட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள்.

“பாடம் இருக்கட்டும்மா,” என்றார் கடைசியில். “ஆனா இந்தாள கேட்டுக்கு வெளிய வைங்க.”

எங்கள் வீட்டில் இன்றும் எது காணாமல் போனாலும் பழி அவன்மேல்தான். சாவியைக் காணோமா? “செவப்புச் சட்டக்காரன் எடுத்துனு போய்ட்டான்.” டப்பாவில் முறுக்கு குறைகிறதா? “தாடி வந்துட்டுப் போயிருக்கான்.” போன தீபாவளிக்கு என் மனைவி வேண்டுமென்றே எனக்குச் சிவப்புச் சட்டை எடுத்தாள். புதுக் குறிப்புகளைக் கொடுக்க, அதைப் போட்டுக்கொண்டே மலைக்குப் போய்ப் பள்ளி கேட்டுக்கு வெளியே நின்றேன். ஹெட்மாஸ்டர் தூரத்திலேயே என்னைப் பார்த்துவிட்டார். முகமெல்லாம் பல்.

“விமலாம்மா, ஓடி வாங்க! நான் அன்னிக்கே சொன்னேன்ல? அதே சட்டதான்!”