கறுப்புக் கழுகும் கதவைச் சாத்திய பல்செட்காரரும்

இனிமேல் தன் முகத்தை வீட்டில் யாருக்கும் சும்மா காட்டுவதில்லை என்று ஒரு திங்கட்கிழமை காலை பல்செட்காரர் முடிவெடுத்தார். பல் விளக்கிக்கொண்டே எடுத்த முடிவு. அவருக்குப் பெரிய யோசனைகள் எல்லாம் பல் சம்பந்தப்பட்ட நேரங்களில்தான் உதிக்கும்.

தொழில் அப்படி. வீட்டின் முன்னறைதான் பட்டறை. பல் டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். இவர் மெழுகு உருக்கி, பிளாஸ்டர் ஊற்றி, பல்வரிசை கட்டி, மெருகேற்றி அனுப்புவார். அலமாரி நிறைய பல்செட்டுகள் நாள் முழுக்க அவரைப் பார்த்து இளித்துக்கொண்டிருக்கும். அந்த வீட்டில் அவரைப் பார்த்ததும் சிரித்தவை அவை மட்டும்தான்.

மனைவி பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். அவள் செருப்புச் சத்தம் மாடிப்படியில் கேட்டாலே வீடு நிமிர்ந்து உட்காரும். கூடவே தங்கியிருக்கும் அவள் தம்பி ஓடிப்போய்ப் பையை வாங்குவான். எதிர்வீட்டு அம்மா கதவைத் திறந்து, "வந்துட்டியாம்மா?" என்று உருகுவாள். பல்செட்காரர் வந்தால்? அவர் எங்கிருந்து வருவது? அவர்தான் எந்நேரமும் இருக்கிறாரே!

இந்த வித்தியாசம் ஏன் என்று அவர் அதுவரை யோசித்ததில்லை. யோசிக்க வைத்தது ஒரு சண்டை. வீட்டுச் சண்டை இல்லை. முந்தின நாள் டிவியில் வந்த மல்யுத்தம்.

தங்கப்புலி ஜெயித்தான். தங்கப்புலி எப்போதும் ஜெயிப்பான். அழகன், நல்லவன், குழந்தைகளைத் தூக்கிக் கொஞ்சுகிறவன். ஆனால் நடுவர் அவன் கையை உயர்த்தியதும் அரங்கமே ஊளையிட்டது.

"ஏன் மாமா ஊளையிடறாங்க? அவன் என்ன தப்பு பண்ணான்?" என்றான் மச்சினன்.

பல்செட்காரருக்குக் கேள்வி என்பது பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி. எடுக்கும்வரை நாக்கு சும்மா இருக்காது.

"உன் கடையில தங்கப்புலி கவர் எப்படிப் போகுது?"

மச்சினன் செல்போன் கவர் விற்கிறவன். "போன வருசம் அடிச்சிக்கிட்டு வாங்கினாங்க மாமா. இப்ப, 'அவன் மூஞ்சி இல்லாத கவர் ஏதாவது இருக்கா'ன்னு கேக்கறாங்க."

"பாத்தியா! திகட்டிடுச்சு. பிஸ்கட்ல அவன், பனியன்ல அவன், போனைத் திறந்தா அவன். வாரம் முழுக்க கண்ணு முன்னாடி நின்னா யாருக்குத்தான் புடிக்கும்?"

அத்தோடு விடவில்லை. இடிமலையைப் பற்றித் தெரிந்தாக வேண்டும். இடிமலை அந்தக் காலத்து மல்லன். வருஷத்துக்கு ஒரு தடவை மேடையேறினால் அதிகம். உடனே மாமனாருக்குப் போன் போட்டார்.

"இடிமலையா! ஆகா, மாப்பிள்ளை! மனுசனா அவன்! அவன் நடந்து வந்தா தரை அதிரும். பெஞ்செல்லாம் குதிக்கும்."

"நீங்க பாத்திருக்கீங்களா மாமா?"

போனில் கொஞ்ச நேரம் இருமல்.

"பாக்கல மாப்பிள்ளை. டிக்கெட் கிடைக்கல."

போனை வைத்த பல்செட்காரருக்குப் புல்லரித்தது. பார்க்காமலே இத்தனை வருஷம் பரவசப்பட வைக்கிறான் என்றால் அவன் எப்பேர்ப்பட்ட ஆள்!

"சரி மாமா, ஆனா இடிமலையை ஆயுசு பூரா பாத்தவங்களைவிட தங்கப்புலியை ஒரே நாள்ல பாக்கறவங்க ஜாஸ்தி. அப்ப யாரு பிரபலம்?" மச்சினனும் லேசில் விடுகிறவன் இல்லை.

"பாக்கறது வேற, ஏங்கறது வேற. நம்ம கறுப்புக் கழுகையே எடுத்துக்கோ."

கறுப்புக் கழுகு என்றதும் அவர் குரல் குழைந்தது. அவர் மீசை முளைத்த காலத்து நாயகன் அவன். கறுப்பு அங்கியை விரித்துக்கொண்டு கயிற்றின் மேலிருந்து பாய்வான். முதலில் மாதம் ஒரு சண்டைதான். அந்த ஒரு நாளுக்காக ஊரே காத்துக் கிடக்கும். அப்புறம் பேராசை பிடித்தது. பற்பசை விளம்பரம், கார்ட்டூன், சினிமா, கடைசியில் சமையல் போட்டிக்கு நடுவர். "மறுபடியும் இவனா!" என்று சேனலை மாற்றினார்கள். ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போனான். பல வருஷம் ஆள் அரவமே இல்லை. இப்போது ஒரே ஒரு நாள், வருகிற சனிக்கிழமை, இதே ஊர் அரங்கத்துக்கு வருகிறான் என்று போஸ்டர் ஒட்டியதுதான் தாமதம், டிக்கெட் அத்தனையும் பறந்துவிட்டது. பல்செட்காரருக்கும் கிடைக்கவில்லை.

"மூஞ்சியைக் காட்டிக் கெட்டான்; மூஞ்சியை மறைச்சு ஜெயிச்சான்!" என்று அவர் தீர்ப்பு வழங்கினார்.

யூனிஃபார்மை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மனைவி தலை நிமிராமல் சொன்னாள்: "ஊளையிடறவனும் காசு குடுத்துத்தானே உள்ள வர்றான்? புடிக்காதவனைப் பாக்க யாரும் காசு குடுக்க மாட்டாங்க."

இந்தக் குறுக்குக் கேள்வியை அவர் காதில் வாங்கவில்லை. மறுநாள் காலைதான் பல் விளக்கும்போது அந்த முடிவு பிறந்தது. இந்த வீட்டின் தங்கப்புலி தான்தான்! உப்பு போட்டாச்சா என்று சமையலறையில் எட்டிப் பார்ப்பது, துணி காய்ந்ததா என்று பால்கனியில் நிற்பது, யார் போனில் பேசினாலும் "யாரு?" என்று கேட்பது. யாருக்குத்தான் திகட்டாது? இனிமேல் இடிமலை. சாயங்காலம் டீ வேளைக்கு ஒரே ஒரு தரிசனம். மற்ற நேரமெல்லாம் பட்டறைக் கதவு சாத்தியிருக்கும். பட்டறைக்கும் ஹாலுக்கும் நடுவே அச்சுப் பெட்டிகளை வாங்கிக் கொடுக்க ஒரு சின்ன ஜன்னல் உண்டு. அதன் பலகைக் கதவு வழியாகக் கை மட்டும் வெளியே வரும்.

மனைவியிடம் அறிவித்தார். மல்லுக்கு நிற்பாள் என்று எதிர்பார்த்தார்.

"யார் வந்தாலும் கூப்பிடக் கூடாதா?" என்று மட்டும் கேட்டாள்.

"யார் வந்தாலும்."

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"யோசிச்சுட்டேன்."

"சரிங்க."

அவ்வளவு சீக்கிரம் வந்த 'சரிங்க' அவருக்குக் கொஞ்சம் உறுத்தியது. இருந்தாலும் கதவைச் சாத்தினார்.

முதல் நாள் டீ வேளையில் கதவைப் படாரென்று திறந்து, தோளில் துண்டைப் பறக்கவிட்டு ஹாலுக்குள் பிரவேசித்தார். மனைவி பதறி எழுந்து, "உடம்புக்கு என்ன?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். மச்சினன் நாற்காலி போட்டான். ஆகா! வேலை செய்கிறது!

இரண்டாம் நாள் நெற்றியை யாரும் தொடவில்லை. மூன்றாம் நாள் அவர் பிரவேசித்தபோது ஹாலில் ஆளே இல்லை. டீ மட்டும் மூடி வைத்திருந்தது. நான்காம் நாள் அந்த டீயும் ஜன்னல் வழியாகவே வந்துவிட்டது. "நீங்க எதுக்குச் சிரமப்பட்டுக்கிட்டு?" என்ற குரலோடு.

அதைவிட அவரை வாட்டியது ஹாலிலிருந்து வந்த சிரிப்பு. அவர் இருந்த காலத்தில் அந்த ஹாலில் யாரும் இப்படிச் சிரித்ததில்லை. எதற்குச் சிரிக்கிறார்கள்? யாரைப் பற்றி? பலகையில் காதை ஒட்டிக் கேட்டுப் பார்த்தார். காதில் பிளாஸ்டர் ஒட்டியதுதான் மிச்சம். இதெல்லாம் தன்னை வெளியே இழுக்க மனைவி செய்யும் தந்திரம் என்று முடிவு கட்டினார். ஆளை அசைக்க முடியுமா? இடிமலை!

வெள்ளிக்கிழமை மத்தியானம். ஆஸ்பத்திரியிலிருந்து வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே செருப்புச் சத்தம் வந்தது. கூடவே இன்னொரு பெரிய காலடி. சோபா 'ஐயோ' என்று முனகியது. பலகை தட்டப்பட்டது.

"ஏங்க, ஒரு பல்செட் உடைஞ்சிருக்கு. அவசரம். எங்க பல் டாக்டர் லீவு."

கையை நீட்டி வாங்கினார். முன்பல் நாலு உள்ள செட். நடுவில் இரண்டாகப் பிளந்திருந்தது.

"யாரோடது?"

"கறுப்புக் கழுகோடது."

பல்செட்காரர் வாய்விட்டுச் சிரித்தார். "ஓகோ! இடிமலையும் வந்திருக்காரா? ரெண்டு பேருக்கும் டீ போட்டுக் குடு."

"நெசமாத்தாங்க. நாளைக்கு மேட்ச்சுக்கு இன்னைக்கு ஒத்திகை பாத்தப்ப முழங்கை பட்டு உடைஞ்சுதாம். எங்க ஆஸ்பத்திரிக்கு வந்தாரு. எங்க வீட்டுலயே ஆள் இருக்குன்னு கூட்டிட்டு வந்தேன். வெளிய வந்து பாருங்களேன்."

"இந்தப் பருப்பெல்லாம் என்கிட்ட வேகாது. தரிசனம் டீ வேளைக்குத்தான்."

"மாமா! சத்தியமா மாமா!" என்று மச்சினனும் கத்தினான்.

"நீயும் அவகூடச் சேந்துட்டியா?"

பலகையைச் சாத்திவிட்டு வேலையில் இறங்கினார். உடைந்த இரண்டையும் மெழுகு வைத்து ஒட்டி, பின்னால் பிளாஸ்டர் ஊற்றி, பவுடரும் திரவமும் குழைத்து இடைவெளியை நிரப்பினார். வேலை செய்யச் செய்ய ஆர்வம் ஊறியது. எம்மாம் பெரிய தாடை! வாயா இது, குகையா? ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறதே. ஆள் எத்தனையோ வருஷமாகப் பல்லைக் கடித்துக்கொண்டே வாழ்ந்திருக்கிறான். சந்தேகமேயில்லை, கல்யாணமானவன். முகம் தெரியாத அந்த மனிதன் மேல் அவருக்கு ஒரு பாசமே வந்துவிட்டது. மெருகேற்றும் மோட்டாரில் இன்னும் ஒரு சுற்று கூடுதலாகப் பிடித்தார்.

மோட்டாரை நிறுத்தியதும் ஹாலில் ஒரு குரல் கேட்டது. கரகரவென்று, பல் இல்லாததால் கொஞ்சம் காற்றோடு. எங்கேயோ கேட்ட குரல். கை தானாகப் பலகைக்குப் போனது. அப்புறம் சுதாரித்துக்கொண்டார். 'பழைய பேட்டி எதையோ டிவியில் போட்டுவிட்டிருக்கிறாள். என்ன மூளை இவளுக்கு!'

பலகையைத் திறந்து பல்செட்டை நீட்டினார். மனைவியின் சின்னக் கைக்குப் பதிலாக முறம் மாதிரி ஒரு கை வந்து வாங்கிக்கொண்டது. மச்சினனுக்குக் கை இவ்வளவு வீங்கியிருக்கிறதே, குளவி கொட்டியிருக்குமோ என்று நினைத்தார். கேட்கவில்லை. கேட்டால் கௌரவம் என்னாவது?

ஹாலில் கைதட்டல். சிரிப்பு. படிக்கட்டு அதிரும் சத்தம். கீழே தெருவில் ஏதோ விசில்.

அதற்குள் டீ வேளையும் வந்துவிட்டது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பிரவேசித்தார். சோபாவின் நடுவில் ஒரு பள்ளம். மச்சினன் சிலை மாதிரி நின்றிருந்தான், கையில் போன். பல்செட்காரர் எட்டிப் பார்த்தார். படத்தில் நடுவில் கறுப்புக் கழுகு. ஒரு பக்கம் மனைவி, ஒரு பக்கம் மச்சினன், பின்னால் எதிர்வீட்டு அம்மா. கழுகு வாய் நிறையச் சிரிக்கிறது. அந்த நாலு பல்லும் பளபளவென்று மின்னுகின்றன. அந்த மெருகை அவருக்குத் தெரியாதா?

பால்கனிக்கு ஓடினார். தெருமுனையில் ஒரு கார் திரும்பி மறைந்தது. ஊரே கையசைத்துக்கொண்டிருந்தது.

"போயிட்டாரா!"

"இப்பதான் போறாரு."

"என்னைக் கேட்டாரா?"

"கேக்காம? 'பல் செஞ்சவரைப் பாக்கணுமே'ன்னாரு. அவர் அடிக்கடி வெளிய வரமாட்டாருங்கன்னு சொன்னேன். 'அப்படியா! பெரிய ஆளு போல'ன்னு கதவைப் பாத்துக் கும்பிட்டுட்டுப் போனாரு."

பல்செட்காரருக்குச் சிரிப்பதா அழுவதா என்று புரியவில்லை. கறுப்புக் கழுகு கும்பிட்டிருக்கிறது. கதவை!

"நாளைக்கு மேட்ச்சுக்கு முன்வரிசையில ரெண்டு பாஸ் குடுத்திருக்காரு. எனக்கும் தம்பிக்கும்."

"ரெண்டா? செஞ்சவன் நான்!"

"உங்களுக்கும் சேத்து மூணு குடுக்க வந்தாருங்க. உங்களுக்குக் கூட்டம் ஆகாது, மூஞ்சி காட்டினா மவுசு போயிடும்னு நான்தான் வேணாம்னுட்டேன். உங்க கொள்கையை நான் கெடுக்கலாமா?"

அவர் துண்டை இறக்கி சோபாவின் பள்ளத்தில் உட்கார்ந்தார். பள்ளம் இன்னும் சூடாக இருந்தது.

"சரி. போதும். தெரியாம பண்ணிட்டேன். இன்னையிலேருந்து கதவைத் திறந்துடறேன். பழையபடி இங்கேயே இருக்கேன்."

"அதெப்படிங்க? நீங்க உள்ள இருக்க ஆரம்பிச்சதுலேருந்து வேலை எல்லாம் சொன்ன தேதிக்கு முடியுது, டாக்டருங்க சந்தோஷமா இருக்காங்க. குழம்புல உப்பு சரியா இருக்கு. எதிர்வீட்டு அம்மா கூட, 'உங்க வீட்டுக்காரர் எப்ப வெளிய வருவாரு'ன்னு ஆசையா கேக்கறாங்க. இவ்வளவு பேர் ஏங்கறப்ப தினமும் வந்து நின்னா எப்படி?"

"அப்ப நான் எப்பத்தான் வெளிய வர்றது?"

மனைவி டீயை அவர் கையில் வைத்து, பட்டறைக் கதவை அன்போடு திறந்துவிட்டாள். "கூட்டம் கேட்டா கூப்பிடறேங்க."

கூட்டம் என்று அந்த வீட்டில் இருந்தவன் மச்சினன் ஒருவன்தான். பல்செட்காரர் அவனை ஆசையாகத் திரும்பிப் பார்த்தார். அவன் டிவி சத்தத்தைக் கூட்டினான்.