பதினேழு வருடம் ஒழுகாத கூரை

சுப்புராஜின் இடது கால் தகரக் கூரைக்குள் முழங்கால் வரை இறங்கியிருந்தது. கீழே பால்கோவாக் கொட்டகையில் நின்ற பரிபூரணம் அண்ணாந்து பார்த்தாள்.

“அண்ணே, செருப்பு மட்டும் வந்திருக்கு. நீங்களும் இப்பிடியே வாரியளா?”

“நான் ஏணி வழியா வாரேன். அத எடுத்து ஓரமா வை.”

எல்லாம் ஒரே ஒரு சொட்டில் ஆரம்பித்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்தக் கொட்டகையில் பதினேழு வருடம் பால்கோவா கிண்டியவள் சுப்புராஜின் மனைவி சீனியம்மாள். கூடமாட வேலை செய்தவள் பரிபூரணம். ஆடி மாதம் சீனியம்மாள் போய்ச் சேர்ந்தாள். அன்றைக்கு அணைந்த அடுப்பை யாரும் மூட்டவில்லை. ஐப்பசியின் முதல் மழையில், புகைக்குழாய் கூரையைத் துளைத்துக்கொண்டு வெளியே போகும் இடத்துக்குக் கீழே, அடுப்பு மேடையில் சொட்டென்று விழுந்தது.

சுப்புராஜால் நம்ப முடியவில்லை. இந்தப் பங்குனியில் ஓய்வு பெறும் வரை ராஜபாளையம் மில்லில் பிட்டராக இருந்தவர் அவர். லீவு நாட்களில் அவரே கம்பி நட்டு, தகரம் ஏற்றிப் போட்ட கொட்டகை அது. கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அவளுக்கு ஒரு பட்டுச்சேலைகூட ஒழுங்காகப் பார்த்து எடுத்துக் கொடுத்ததில்லை. இந்தக் கூரை ஒன்றுதான் அவர் உருப்படியாகச் செய்து கொடுத்தது. “இத்தன வருசத்துல ஒரு பொட்டுத் தண்ணி எறங்கினதில்ல” என்று சொல்லாமல் எந்த விருந்தாளியையும் அவர் அனுப்பியதில்லை. அவர் சொல்லும்போதெல்லாம் சீனியம்மாளும் தலையாட்டுவாள்.

வத்திராயிருப்பிலிருந்து மகள் பாண்டிசெல்வி போனில் கேட்டாள். “கொட்டகை ஒழுகுதாமேப்பா?”

“ஒழுகலம்மா. வேர்க்குது.”

“தகரம் வேர்க்குமாப்பா? ஞாயித்துக்கிழமை வாரேன். அடுப்பும் எரியல, கூரையும் ஒழுகுது. பிரிச்சிப் போட்டுருவோம்.”

அதற்குள் சரிபண்ணிவிட வேண்டும். திங்கட்கிழமை குழாயைச் சுற்றிச் சிமெண்டு பூசினார். மத்தியான வெயிலில் தகரம் விரிந்தது, சிமெண்டு விரியவில்லை. கட்டியாகப் பெயர்ந்து அடுப்பின் மேல் விழுந்தது. அன்று சாயங்கால மழையில் இரண்டு இடத்தில் சொட்டியது.

செவ்வாய்க்கிழமை தார் உருக்கி ஊற்றினார். அது சுவரோடு வழிந்து, சீனியம்மாள் படத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. புதன்கிழமை ஒரு தகரத்தை வெட்டிக் குழாய்க்குப் பாவாடை மாதிரி கட்டி, இருபது ஆணி அடித்தார். வியாழக்கிழமை அதைச் சோதிக்க ஏறியபோதுதான் கால் உள்ளே போனது.

இப்போது கொட்டகைக்குள் ஐந்து பாத்திரம் வைக்க வேண்டியிருந்தது. நல்ல பால் சட்டியில் மழைத்தண்ணி பிடித்தால் சீனியம்மாள் சும்மா விடமாட்டாள். ஏச ஆளில்லாத தைரியத்தில் ஆறாவது சட்டியையும் எடுத்து வைத்தார். வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

வெள்ளிக்கிழமை ராஜபாளையத்திலிருந்து எட்வின் வந்தான். தகரக் கொட்டகை போடுவதுதான் அவன் தொழில். ஏறிப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

“அண்ணாச்சி, இந்தப் பாவாடைய யாரு அடிச்சது?”

“ஏன்?”

“மேல் விளிம்பு மேல்சீட்டுக்கு அடியில போகணும். கீழ் விளிம்பு கீழ்சீட்டுக்கு மேல உக்காரணும். தலகீழா வச்சிருக்காவ. ஆணியவும் தண்ணி ஓடுத பள்ளத்துல அடிச்சிருக்காவ. மேட்டுலல்லா அடிக்கணும்.”

“யாரோ வெவரம் இல்லாத ஆளு” என்றார் சுப்புராஜ்.

பரிபூரணம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எட்வின் இரண்டு சீட்டை மாற்றினான். புதுத் தகரத்தை மடித்துக் குழாயோடு ஒட்ட வைத்து, ரப்பர் வைத்த திருகாணி போட்டு முடுக்கினான். பொறவு எட்டு வாளித் தண்ணியைக் கூரையில் ஊற்றினான். கீழே ஒரு சொட்டு இல்லை. சுப்புராஜ் சட்டிகளையெல்லாம் கழுவிக் கவிழ்த்தார். நாலு மாதத்தில் அன்றைக்குத்தான் இரண்டு தோசை சேர்த்துச் சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பாண்டிசெல்வி வந்தாள். மழையும் வந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அதே இடத்தில், அதே மாதிரி, சொட்.

போன் போட்டதும் எட்வின் வந்துவிட்டான். நனைந்துகொண்டே ஏறினவன் செத்த நேரத்தில் இறங்கினான்.

“நான் வேல பாத்த எடத்துல ஒண்ணும் இல்ல. மழை குழாய்க்கு உள்ளயே பெய்யுது. உள்ளுக்குள்ள வழிஞ்சி இந்த மூட்டு வழியா வெளிய சொட்டுது. குழாய் வாய்க்குத் தொப்பி எங்க அண்ணாச்சி?”

“தொப்பியா?”

“மழை எறங்காம இருக்க மேல ஒரு மூடி வைக்கணும்லா. போடவே இல்லையே.”

சுப்புராஜின் முகம் சுருங்கிப்போனது. “அதெல்லாம் வேண்டாம்ப்பா. தொப்பி இல்லாமத்தான் பதினேழு வருசம் இருந்துச்சி. எம்புட்டு மழை பெஞ்சிருக்கும்? நான் மில்லு விட்டு வந்து பாத்தா தரை காஞ்சி கெடக்கும். அவ கையால தொட்டுக் காட்டுவா.”

பாண்டிசெல்வி அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். “விடுங்கப்பா. பழசாப் போச்சி.”

“பழசு இல்லம்மா. அவ இருந்த வரைக்கும் ஒழுகல. நீ யாரை வேணாலும் கேளு. ஏட்டி பரிபூரணம், நீ சொல்லு. என்னைக்காவது ஒழுகுச்சா?”

பரிபூரணம் அடுப்பைப் பார்த்தாள், பாண்டிசெல்வியைப் பார்த்தாள்.

“சொல்லக் கூடாதுன்னு மதினி எங்கிட்ட சத்தியம் வாங்கிருந்தாவ அண்ணே,” என்றாள். “மொத வருசத்துல இருந்தே ஒழுகத்தான் செஞ்சிச்சி. நீங்க வாரதுக்குள்ள குழா காயணும்னு, மழை விடுற வரைக்கும் வெறும் அடுப்ப எரிச்சிக்கிட்டு ஒக்காந்திருப்பாவ.”