எமில் கிராஸ் நேரில் ஆஜராக வேண்டியது

எதையும் முறைப்படி செய்யும் ஊர் வியன்னா. அங்கே வீடு மாறுகிறவர் முகவரி இலாகாவுக்கு அறிவித்துவிட்டுத்தான் மாற வேண்டும். எமில் கிராஸ் அறிவிக்கவில்லை. 1942இல் போலீசார் அவரையும் மற்ற யூதர்களையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போனபோது, நடுவில் இறங்கி அறிவித்துவிட்டு வர அவருக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது.

போர் முடிந்து ஐந்தாம் வருடம் அவருடைய அக்கா ஃபிரீடா அந்த இலாகாவின் படியேறினாள். அவளுக்கு வேண்டியது தம்பி செத்த தேதி மட்டும்தான். யூத வழக்கப்படி வருடா வருடம் அந்த நாளில் விளக்கேற்ற வேண்டும். தேதி தெரியாதவர்கள் ஏதாவது ஒரு நாளை வைத்துக்கொள்ளலாம் என்று பக்கத்து வீட்டு ஹெர்ஷ் சொல்லிப் பார்த்தார். அவரும் அதே லாரிகளுக்கு மனைவியைப் பறிகொடுத்தவர். "இஷ்டத்துக்கு நாள் குறிக்க இதென்ன கல்யாணமா?" என்று ஃபிரீடா அவர் வாயை அடைத்துவிட்டாள்.

இலாகாவில் வோண்ட்ராக் என்பவர் வீற்றிருந்தார். முழுப் பட்டத்தையும் சொல்லிக் கூப்பிடாதவரை அவருக்குக் காது கேட்காது.

"தலைமை அலுவல் ஆலோசகர் அவர்களே, என் தம்பி எப்ப செத்தான்?"

ஆலோசகர் பதிவேட்டைப் புரட்டினார். "செத்ததா ஒண்ணும் இல்லையே அம்மணி. 'முகவரி அறிவிக்காமல் குடிபெயர்ந்தார்'னு இருக்கு. பொறுப்பான மனுஷன் செய்யற காரியமா இது?"

"குடிபெயர்ந்தானா? உங்க போலீஸ்தானே பிடிச்சு ஏத்திட்டுப் போச்சு!"

"அது போலீஸ் இலாகா. நாங்க முகவரி இலாகா. ரெண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது."

"சரி, சாகலைன்னா எங்க இருக்கான்?"

"அதை அவர்தான் தெரிவிக்கணும். நேர்ல வரச் சொல்லுங்க, உடனே முடிச்சுக் குடுத்துடறேன்."

"அவன் நேர்ல வந்தா நான் ஏன் சாவுத் தேதி கேட்டு அலையறேன்?"

"பாருங்க, உங்களுக்கும் அலைச்சல் மிச்சம்" என்றார் ஆலோசகர், மெய்யான அக்கறையோடு.

விஷயம் நீதிமன்றத்துக்குப் போனது. நீதிமன்றம் பத்திரிகையில் அறிவிப்புக் கொடுத்தது: "மேற்படி எமில் கிராஸ் ஓராண்டுக்குள் நேரில் ஆஜராக வேண்டியது. தவறினால் இறந்தவராகக் கருதப்படுவார்."

ஃபிரீடா வயிறு வலிக்கச் சிரித்தாள். ஆனால் அந்த வருடம் முழுக்க வாசல் மணி அடித்தபோதெல்லாம் பதறி ஓடித் திறந்தவளும் அவள்தான். பால்காரன் நிற்பான்.

எமில் கடைசிவரை ஒத்துழைக்கவில்லை. ஆகவே அவர் 1945 மே எட்டாம் தேதி இறந்ததாகத் தீர்ப்பானது. தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு ஃபிரீடா ஆலோசகரிடம் ஓடினாள்.

"அன்னிக்குத்தான் செத்தான்னு யார் பார்த்தா?"

"யாரும் பார்க்கலை. அதனாலதான் எல்லாருக்கும் பொதுவா, போர் முடிஞ்ச நாளா பார்த்துப் போட்டிருக்காங்க. ஞாபகம் வெச்சுக்கவும் சுலபம் பாருங்க."

மே எட்டாம் தேதி யூத ஜெபக்கூடத்தில் நிற்க இடமில்லை. எல்லோருக்கும் அதே தேதி. ஹெர்ஷின் மனைவிக்கும் அதுதான். அவர் ஃபிரீடாவின் காதருகே குனிந்தார்.

"பாத்தியாம்மா, போர் நடந்த வரைக்கும் நம்ம ஆளுங்க அத்தனை பேரும் சௌக்கியமாத்தான் இருந்திருக்காங்க. இந்தப் பாழாப்போன சமாதானம் வந்துதான் ஒரே நாள்ல வாரிட்டுப் போயிருக்கு."

ஃபிரீடாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. முன்வரிசையும் திரும்பிப் பார்த்து, விஷயம் கேட்டு, சிரித்தது. பிறகு எல்லோரும் அவரவர் விளக்கை ஏற்றினார்கள். வேறு தேதி யாரிடமும் இல்லை.