கிட்னி கொடுத்தவளுக்கு, அண்ணாவின் நெற்றியைப் பற்றி

ஸ்ரீரங்கம்,
சித்திரைத் தேருக்கு முதல் நாள்

சௌபாக்யவதி ஹம்ஸாவுக்கு உன் மன்னி பூமா அநேக ஆசீர்வாதம். பெருமாள் கிருபையில் இங்கே க்ஷேமம்; நாக்பூரில் உன் முழங்கால் எப்படி?

முதலில் நல்ல சேதி. பேரன் கோவிந்த் சி.ஏ. பாஸ், அதுவும் முதல் தடவையிலேயே. பேத்தி மேகனா வீணைப் போட்டியில் இரண்டாவது. முதலாவதாக வந்த பெண் வாசித்ததை நானும் கேட்டேன், அதைப் பற்றி எழுத வேண்டாம். சின்னவன் ஜனார்தன் கையை விட்டு சைக்கிள் ஓட்டுகிறான். நீ உன் அண்ணாவுக்குக் கொடுத்த கிட்னியும் சமர்த்தாக இருக்கிறது. இந்த வீட்டில் சொன்ன பேச்சைக் கேட்பது அது ஒன்றுதான்.

கஷ்டம் அவர் நெற்றியில். திருமண் இடுகிற இடத்தில் ஒரு சொரசொரப்பு, மாசக்கணக்காக ஆறவில்லை. நடுவில் இடுகிற சிவப்பு ஸ்ரீசூர்ணம் ஒத்துக்கொள்ளவில்லை என்று தாமே தீர்மானித்துக் கடையை மாற்றினார், புண்ணின் மேலேயே இட்டுக்கொண்டார், யார் கண்ணில் படும்? தில்லைநகர் தோல் டாக்டர் மஹ்ஜபீனிடம் நான் இழுத்துக்கொண்டு போனால், அன்றைக்கு ஏகாதசி என்று உடம்பெல்லாம் பன்னிரண்டு திருமண் இட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தலைமுதல் கால்வரை தோலைப் பார்க்கணும் என்றவள் பாவம், எங்கே பார்ப்பாள்? பொறுமையாகத்தான் சொன்னாள்: கிட்னியை வேற்றாள் என்று உடம்பு விரட்டாமலிருக்க மாத்திரை கொடுத்துக் காவல்காரனைத் தூங்க வைத்திருக்கிறதாம், வெயில் தோலில் செய்கிற கோளாறைப் பார்க்கிறவனும் அதே காவல்காரன்தானாம், அதனால் இவரைப் போன்றவர்களுக்குத் தோலில் புற்று சுலபமாக வருமாம். அப்படியும் துடைக்கமாட்டேன் என்கிறார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அந்தக் கிட்னி ஹம்ஸாவோடது. அவளைக் கேக்காம அதை வெயில்ல சுத்த விட உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தா?"

எழுந்து போய் முகம், உடம்பு எல்லாம் அலம்பிக்கொண்டு வந்தார்.

புற்றுதான். பயப்படாதே, ஆரம்பம், வெட்டித் தையல் போட்டாயிற்று, முழுக்க எடுத்தாயிற்று என்கிறாள் டாக்டர். தையல் ஆறும்வரை திருமண் கூடாது. வெறும் நெற்றியோடு தெருவில் இறங்குகிறவரா உன் அண்ணா? குடை, தொப்பி, கோவிந்த் வாங்கித் தந்த வெயில் கிரீம், எதற்கும் மசியாதவர் இப்போது பகலெல்லாம் கூடத்து ஃபேனுக்கடியில். நாளைக்கு வடம் பிடிக்கவும் போகமாட்டார். நீ நிம்மதியாகத் தூங்கு. மாப்பிள்ளைக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் ஆசி, ரங்கநாயகித் தாயார் எல்லோரையும் காக்கட்டும்.

உன் மன்னி,
பூமா

பி.கு.: இன்று காலை இதைத் தபாலில் போடக் கிளம்பினால் ஆளைக் காணோம். பிளாஸ்திரிக்கு மேலேயே திருமண் இட்டுக்கொண்டு, சட்டைகூட இல்லாமல் தேர் இழுக்கப் போய்விட்டாராம். உடனே உன்னைப் புதுப் போட்டோ ஒன்று எடுத்துத் தபாலில் அனுப்பு. சிரிக்காதே, நன்றாக முறை. வாசற்கதவின் உள்பக்கம், அவர் கண்மட்டத்தில் ஒட்டப்போகிறேன்.